சான்றிதழுக்கு முன் ஒரு கணக்கு

சில மாதங்களுக்கு முன், புனேயில் நாங்கள் பணியாற்றும் கிளைக்கு ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். பிம்ப்ரியில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடைசல் இயந்திரத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். ஓய்வின்போது கிடைத்த தொகையில் 2 லட்சம் ரூபாயை ஐந்தாண்டு வைப்பாகப் போட்டிருந்தார். முதிர்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ரசீதை மேசைமேல் வைத்து, “சார், இதை முடிச்சுக் குடுத்துடுங்க. பொண்ணு ஏதோ சர்டிபிகேட் பரீட்சை எழுதணும்கறா. இந்த வாரத்துக்குள்ள கட்டினா சலுகையாம்” என்றார்.

“இந்த வாரத்துக்குள் கட்டினால் சலுகை” என்ற சொற்கள் காதில் விழுந்தால், கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்பது எங்கள் வழக்கம். வைப்பை முடித்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. அதைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும், முதல் சனிக்கிழமை கிளை திறந்திருக்கும் என்றும் மகளையும் அழைத்து வருமாறும் கேட்டுக்கொண்டோம். அவர் மறுக்கவில்லை.

மகள் பி.காம். பட்டதாரி. ஹிஞ்சவாடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். பிசினஸ் அனலிஸ்ட் எனப்படும் வணிகப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.பி.ஏ.பி. என்னும் சான்றிதழைப் பெற்றுத் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் அவரிடம் கூறியிருந்தது. கட்டணம் 85,000 ரூபாய். தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்றும் சொல்லியிருந்தார்கள். “அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்களா?” என்றோம். “இல்லை சார், அதை யாரும் கேட்கவில்லை” என்றார் அவர்.

இக்கட்டுரையின் தேவை அந்தப் பதிலில் பிறந்தது. இந்தியாவின் பெருநகரங்களில் மென்பொருள், வங்கி, காப்பீட்டு நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் இத்தகைய சான்றிதழ்களைப் பற்றி யோசிக்கிறார்கள். எது உயர்ந்தது, எது புகழ்பெற்றது என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். நம் கையில் எத்தனை மணி நேர உழைப்பு இருக்கிறது, அடுத்து எந்த வேலைக்குப் போக எண்ணுகிறோம் என்பவற்றை முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால், எந்தச் சான்றிதழ் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தானாகவே விடை கிடைத்துவிடும்.

கேட்க மறந்த கேள்வி

முதலில் அந்த வேலை என்னவென்று பெரியவருக்கு விளக்க வேண்டியிருந்தது. “கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா புரோகிராம் எழுத மாட்டாளாம்” என்ற அளவிலேயே அவருக்கு அது விளங்கியிருந்தது. விளக்குவதற்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவருடைய பெயரே போதுமானதாக இருந்தது.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். ஆனால் கணினிப் படிவங்கள் பலவற்றில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். இரண்டையும் நிரப்பாவிட்டால் படிவம் நகராது. ஆகவே ஓர் அட்டையில் தந்தையின் பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்றில் அது முன்னால் போய் நிற்கும். மூன்றாவதில் வெறும் முதலெழுத்து மட்டும் இருக்கும். பிறகு மூன்று அட்டைகளும் ஒருவருடையவைதான் என்று நிரூபிக்க அவர் அலைய வேண்டும். “ஆமா சார், கணக்கு தொடங்கறதுக்கே ரெண்டு தடவை அலைஞ்சேன்” என்று அவர் சிரித்தார்.

அந்தப் படிவத்தை வடிவமைக்கும் முன், “குடும்பப்பெயர் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்பதும், கிடைத்த விடையை நிரலாளருக்குப் புரியும்படி எழுதித் தருவதும், மென்பொருள் தயாரான பின் அது உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்ப்பதும் வணிகப் பகுப்பாய்வாளரின் வேலை.

2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. அத்தகைய இணைப்பில் இலட்சக்கணக்கான கணக்குகள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். பழைய நியமனதாரர் பதிவு என்னவாகும்? மாதந்தோறும் தானாகச் செல்லும் தவணை நின்றுவிடுமா? சிறுவர் கணக்கு, அவருக்குப் 18 வயது நிரம்பும் நாளில் எப்படி மாறும்? ஓய்வூதியர் நவம்பரில் தந்த வாழ்நாள் சான்று புதிய மென்பொருளுக்குத் தெரியுமா? இவற்றுள் ஒன்றை யாரேனும் கேட்க மறந்தால், அதன் விளைவு எங்கள் கிளையின் வரிசையில் வந்து நிற்கும். அதனால் அந்தப் பணியை நாங்கள் சிறிதாக எண்ணுவதில்லை.

எந்த அமைப்பு, எத்தனை மணி?

இத்துறையில் உலக அளவில் அறியப்பட்ட அமைப்புகள் பல உள்ளன. நம் நாட்டில் அதிகம் பேசப்படும் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, கனடாவின் டொரன்டோ நகரில் 2003-ஆம் ஆண்டு தோன்றிய சர்வதேச வணிகப் பகுப்பாய்வுக் கழகம். சுருக்கமாக ஐ.ஐ.பி.ஏ. என்பார்கள். பேபாக் என்று அழைக்கப்படும் இதன் வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வெளிவந்தது. திட்டமிடுதல், தேவைகளைக் கேட்டறிதல், அவற்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை பேணுதல், நிறுவனத்தின் நோக்கத்தை ஆராய்தல், தேவைகளைப் பகுத்து வடிவம் தருதல், தீர்வை மதிப்பிடுதல் என்று இந்தப் பணியை அந்நூல் ஆறு அறிவுப் பகுதிகளாகப் பிரிக்கிறது.

இக்கழகத்தின் சான்றிதழ்கள் படிப்படியானவை. ஈ.சி.பி.ஏ. என்பது நுழைவு நிலை. அதற்கு முன் அனுபவம் தேவையில்லை. சி.சி.பி.ஏ. என்பது இடைநிலை. கடந்த 7 ஆண்டுகளில் 3,750 மணி நேரப் பகுப்பாய்வுப் பணியும், 21 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். சி.பி.ஏ.பி. என்பது மூத்தவர்களுக்கானது. கடந்த 10 ஆண்டுகளில் 7,500 மணி நேரப் பணியும், அதில் ஆறு பகுதிகளுள் நான்கில் தலா 900 மணி நேரமும், கடந்த 4 ஆண்டுகளில் 35 மணி நேரப் பயிற்சியும், இருவரின் பரிந்துரையும் கேட்கிறார்கள்.

இரண்டாவது, 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட திட்ட மேலாண்மை நிறுவனம். பி.எம்.பி. என்ற திட்ட மேலாளர் சான்றிதழால் நம் நாட்டில் நன்கு அறிமுகமானது. வணிகப் பகுப்பாய்வுக்கென இது 2014-இல் பி.எம்.ஐ.-பி.பி.ஏ. என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. பட்டதாரிகள் கடந்த 8 ஆண்டுகளுக்குள் 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். திட்ட மேலாளருடன் தோளுரசி வேலை செய்பவர்க்கும், பின்னாளில் திட்ட மேலாண்மைக்கே மாற எண்ணுபவர்க்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, ஜெர்மனியில் 2006-இல் உருவான ஐ.ஆர்.இ.பி. என்னும் அமைப்பு. இதன் சி.பி.ஆர்.இ. சான்றிதழ், தேவைகளைக் கேட்டறிந்து பிழையின்றி எழுதும் கலையை மையமாகக் கொண்டது. அடிப்படை நிலைத் தேர்வுக்கு அனுபவம் கேட்பதில்லை. ஒருமுறை தேறினால் அது காலாவதியாவதும் இல்லை. வாகன உதிரிப்பாகம், இயந்திரக் கருவி போன்ற துறைகளில் ஐரோப்பிய நிறுவனங்களுக்காக உழைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

சி.சி.பி.ஏ., சி.பி.ஏ.பி., பி.எம்.ஐ.-பி.பி.ஏ. ஆகிய மூன்றும் அப்படியல்ல. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, 60 அலகுகள் அளவுக்குத் தொடர்கல்வி பெற்றதைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வீடு வாங்குவோர் விலையை மட்டும் பார்த்துப் பராமரிப்புச் செலவை மறப்பதுபோல, தேர்வுக் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தாளில் போட்ட கணக்கு

மகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தோம். “நான்கு ஆண்டுகளில் என்னென்ன வேலை பார்த்தீர்களோ, அதை மட்டும் எழுதுங்கள்” என்றோம்.

முதல் இரண்டு ஆண்டுகள் அவர் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டறியும் பிரிவில் இருந்தார். அது மதிப்புள்ள வேலை. ஆயினும் இந்தச் சான்றிதழ்கள் எண்ணும் பகுப்பாய்வுப் பணி அதுவன்று. பின்னைய இரண்டு ஆண்டுகளில்தான் வாடிக்கையாளருடன் பேசித் தேவைகளை எழுதும் வேலைக்கு வந்திருக்கிறார். அதிலும் வேலை நேரத்தில் ஐந்தில் மூன்று பங்கே அதற்குச் செல்கிறது. மீதி நேரம் அறிக்கை தயாரிப்பதிலும் பிற பணிகளிலும் போகிறது.

வாரத்துக்கு 40 மணி, விடுமுறை போக ஆண்டுக்கு 48 வாரம் என்று வைத்தால், ஆண்டுக்கு 1,920 மணி. அதில் ஐந்தில் மூன்று பங்கு 1,152 மணி. இரண்டு ஆண்டுகளுக்கு 2,304 மணி. சி.பி.ஏ.பி. கேட்பது 7,500. இன்னும் 5,196 மணி தேவை. இதே வேகத்தில் சென்றால் அதை எட்ட நான்கரை ஆண்டுகள் ஆகும். 85,000 ரூபாயைக் கட்டியிருந்தால் பயிற்சி வகுப்பு நடந்திருக்கும். தேர்வுக்கூடத்தின் கதவு திறந்திருக்காது.

சி.சி.பி.ஏ.க்கு வேண்டிய 3,750 மணிக்குக் குறைவது 1,446 மணி. இன்னும் ஏறத்தாழ 15 மாதங்கள். இடைநிலைச் சான்றிதழிலும் மணிகளின் மொத்தம் மட்டும் போதாது. ஆறு பகுதிகளுள் இரண்டில் தலா 900 மணியோ, நான்கில் தலா 500 மணியோ இருக்க வேண்டும். அவருடைய மணிகள் பெரும்பாலும் தேவைகளைக் கேட்டறிவதிலும் எழுதுவதிலும் குவிந்திருந்தன. எனவே முதல் வழியே அவருக்கு எளிது என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்தது. பி.எம்.ஐ.-பி.பி.ஏ. கேட்கும் 36 மாதமும் அவரிடம் இன்னும் இல்லை. இன்றைக்கு அவர் எழுதக்கூடியவை ஈ.சி.பி.ஏ.வும் சி.பி.ஆர்.இ. அடிப்படை நிலையும் மட்டுமே.

எங்கள் தொழிலில் இது புதிதன்று. கடன் கேட்டு வருபவரிடம் தகுதி என்ன, நோக்கம் என்ன, திருப்பிச் செலுத்தும் வழி என்ன என்றுதான் முதலில் கேட்கிறோம். சான்றிதழ் வாங்குபவர் அதே மூன்றையும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். மணி நேரம்தான் தகுதி. அடுத்த பதவிதான் நோக்கம். சான்றிதழால் கூடுதலாகக் கிடைக்கும் வாய்ப்பே திருப்பிச் செலுத்தும் வழி.

அத்துடன் ஒரு பழக்கத்தையும் பரிந்துரைத்தோம். வாரக் கடைசியில் கால் மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் எந்தத் திட்டத்தில், எந்தப் பகுதியில், எத்தனை மணி உழைத்தோம், மேற்பார்வை செய்தவர் யார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது. இந்த அமைப்புகள் விண்ணப்பங்களுள் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுப்பதுண்டு. ஏழாண்டு வேலையை நினைவிலிருந்து எழுதுவது கடினம். நிறுவனம் மாறிய பின், மேலாளரைத் தேடிப் பிடிப்பது அதைவிடக் கடினம்.

துறை அறிவுக்கும் இடம் உண்டு

“சான்றிதழ் எதற்கு? வேலை தெரிந்தால் போதாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எங்கள் அனுபவமே சாட்சி. 1928-இல் தொடங்கப்பட்ட இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை எங்களுள் பலர் எழுதியிருக்கிறோம். வெளிப்படையாகச் சொன்னால், ஊதிய உயர்வுதான் அப்போது பெரிய ஈர்ப்பு. காசோலை பற்றிய சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து தேறினோம். ஆனால், கணவரை இழந்து, நியமனமும் இல்லாத கணக்கின் பணத்தைக் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் எந்தக் காகிதத்தை முதலில் கேட்பது, எதை அப்புறம் கேட்பது என்று எந்தத் தாளும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. அதைக் கிளையின் மேசைதான் கற்றுத் தந்தது.

மறுபாதி உண்மையும் உண்டு. அந்தத் தேர்வுக்காகப் படித்திராவிட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் அந்தப் பெண்ணுக்கு உதவ முடியும் என்பதே தெரிந்திருக்காது. அனுபவத்தால் சேர்ந்தவற்றுக்குத் தேர்வு ஓர் ஒழுங்கைத் தருகிறது. மேலும், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வரும் இடத்தில் முதல் சல்லடை சான்றிதழாகவே இருக்கக்கூடும். பெயர்பெற்ற கல்லூரியோ பொறியியல் பட்டமோ இல்லாத ஒரு வணிகவியல் பட்டதாரிக்கு, அந்தச் சல்லடையைக் கடக்க அது கைகொடுக்கும்.

வணிகவியல் பட்டதாரிகளுக்கு நாங்கள் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. உங்களுடைய பலம் கணக்கியலும் வணிகச் சட்டமும் வரியும். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, எத்தனையோ நிறுவனங்களின் பட்டியல் மென்பொருள் மாற வேண்டியிருந்தது. அங்கே நிரல் தெரிந்தவர்களுடன் உள்ளீட்டு வரி வரவு என்றால் என்னவென்று விளக்கத் தெரிந்தவரும் தேவைப்பட்டார். ஆகவே நுழைவு நிலையில் இருப்பவர்கள் பகுப்பாய்வுச் சான்றிதழோடு துறைச் சான்றிதழையும் தட்டில் வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பங்குச்சந்தை, பரஸ்பர நிதி சார்ந்த மென்பொருளில் பணிபுரிபவர்க்கு, செபி 2006-இல் நிறுவிய தேசியப் பங்குச்சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன. காப்பீட்டுத் திட்டங்களில் உழைப்பவர்க்கு, 1955-இல் தோன்றிய இந்தியக் காப்பீட்டுக் கழகம் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ என்று மூன்று படிகளில் தேர்வு நடத்துகிறது. இவற்றுக்கு டாலரில் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தப் பெண் பணிபுரிவது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உரிமைகோரல் மென்பொருளில். இன்றைய நிலையில், அவருக்கு லைசென்ஷியேட் தேர்வே கூடுதல் பயன் தரும் என்று எங்களுக்குத் தோன்றியது. காப்பீட்டு மொழியைப் பேசத் தெரிந்தவரிடம் வாடிக்கையாளர் மனம் திறந்து பேசுவார். அந்தப் பேச்சிலிருந்துதான் மேற்சொன்ன மணிகள் சேரும்.

பணத்தைக் கட்டுமுன்

இனி, எங்கள் மேசைக்கு உரிய சில சொற்கள்.

தேர்வை நடத்துவது சான்றிதழ் தரும் அமைப்பு. பயிற்சி நிலையம் தருவது வகுப்பு மட்டுமே. எனவே தேர்ச்சிக்கு உத்தரவாதம் தர எந்தப் பயிற்சி நிலையத்தாலும் இயலாது. தேர்வு எழுதாமலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறோம், உங்களுக்குப் பதிலாக வேறொருவர் எழுதுவார் என்று எவரேனும் சொன்னால், அது மோசடி. சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்களைத் தேடிச் சரிபார்க்கும் வசதி அமைப்புகளின் தளங்களிலேயே இருப்பதால், போலி ஒருநாள் வெளிப்பட்டே தீரும். அன்று போவது பணம் மட்டுமன்று, வேலையும்தான்.

உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்டுப் பாருங்கள். தேர்ச்சிக்குப் பின் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. அதற்காகக் குறிப்பிட்ட காலம் வேலையில் நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதையும் படித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள்.

கட்டணத்தைப் பார்க்கும்போது விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, மறுதேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். அயல்நாட்டு அமைப்புக்கு அட்டை மூலம் செலுத்தினால், அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமும் சேரும். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. அயல்நாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே செயலியிலோ இணைய வங்கியிலோ திறந்துகொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் மறவாமல் மூடிவிடுங்கள்.

வைப்பை உடைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். முதிர்வுக்கு முன் முடித்தால், வைப்பு இருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி அபராதமாகக் கழியும். உடனடித் தேவை என்றால், அந்த வைப்பின் மீதே கடன் பெறலாம். வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடுதலான வட்டியே இருக்கும். காத்திருக்க முடியுமானால், தொடர் வைப்பே சிறந்தது. மாதம் 3,000 ரூபாய் வீதம் 15 மாதம் கட்டினால், அசல் மட்டுமே 45,000 ரூபாய். மணிகள் நிறையும்போது பணமும் நிறைந்திருக்கும்.

பெரியவர் தம் ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மகள் அன்றே தம் சம்பளக் கணக்கிலிருந்து ஒரு தொடர் வைப்பைத் தொடங்கினார். 15 மாதத்துக்குப் பின் அவர் சி.சி.பி.ஏ. எழுதுவாரா, அதற்குள் வேறு முடிவுக்கு வருவாரா என்பது அவருடைய விருப்பம். சென்ற மாதம் கிளைக்கு வந்தபோது குறிப்பேட்டைக் காட்டினார். அந்த மாதத்துக்கு 102 மணி எழுதியிருந்தார். லைசென்ஷியேட் தேர்வுக்கான பாடநூலும் கையில் இருந்தது.

விடைபெறும்போது பெரியவர் திரும்பி நின்று, “எல்லாம் சரி சார். அந்தப் பேர் கட்டத்தை எப்ப மாத்தப் போறீங்க?” என்று கேட்டார். எங்களிடம் அதற்கு உடனடியாக விடை இல்லை. அன்று மாலையே அக்கேள்வியைக் குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினோம்.